வானத்துக் கூரையை அளந்த கல்கத்தாப் பேராசிரியர்



ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் வாழும் நம் குடும்பங்களில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவராவது இருப்பார். இன்று இரவு செபமும் சாப்பாடும் முடிந்தபின் அவரிடம் ஒரு விடயத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்களில் சிற்றலை வானொலி எப்படிக் கேட்டது என்று கேளுங்கள். லயத்துக் கூரைக்கு மேலே கம்பி கட்டியது, ஒரு வீட்டு வானொலிப் பெட்டியைச் சுற்றி ஐந்து வீட்டார் உட்கார்ந்தது, மணிலாவிலிருந்து வேரித்தாஸ் தமிழ்ப் பணியின் குரல் வந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் கட்டாயம் சொல்வார். குரல் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் தெளிவாக வரும். சற்று நேரத்தில் மலைக்கு அப்பால் போய்விட்டதுபோல் தேய்ந்து மறையும். பிறகு இரைச்சலோடு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குழறிக்கொண்டு திரும்பி வரும். பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள், கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். ஒன்றும் பயன் தராது.

பிழை பெட்டியிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. அது நம் தலைக்கு மேலே நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. அந்தப் பிழையின் இருப்பிடத்தை நம் தெற்காசியாவில் முதன்முதல் தேடிச் சென்ற மனிதரின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். அவர் பெயர் சிசிர் குமார் மித்ரா. வங்காளத்தில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர். நம் பக்கத்தில் சேர். சி. வி. இராமனை அறிந்தவர்கள் பலர். இராமனிடம் ஆய்வு பழகிய இவரை அறிந்தவர்கள் குறைவு.

கதைக்குப் போகுமுன், அலை ஏன் வானத்துக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வானொலி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. பூமியோ உருண்டை. போதாக்குறைக்கு நம் மலைநாட்டில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலை குறுக்கே நிற்கிறது. ஆகவே கொழும்புக்கு வடக்கே ஏக்கலையிலிருந்து புறப்பட்ட அலையே எங்கள் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கச் சிரமப்பட்டது. மணிலாவின் அலை வருவதற்கு நியாயமே இல்லை. ஆனால் வந்தது. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி மார்க்கோனி இங்கிலாந்தின் கோர்ண்வால் கரையிலிருந்து அனுப்பிய சைகையை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டபோது, படித்தவர்கள் எல்லாருக்கும் இதே திகைப்புத்தான். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் கெனலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும், ஒருவரை ஒருவர் கேளாமலே, ஒரே விடையைச் சொன்னார்கள். உயர வானத்தில் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு கூரை இருக்கவேண்டும், அலை அதில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புகிறது என்றார்கள். அது ஊகம். கூரையைக் கண்டவர் ஒருவரும் இல்லை. 1924ல் எட்வர்ட் அப்பிள்ரன் இங்கிலாந்தில் பரிசோதனை செய்து அது இருக்கிறது என்று காட்டும்வரை ஊகமாகவே இருந்தது.

இனி நம் கதாநாயகர்.

சிசிர் குமார் 1890 ஒக்ரோபர் 24ஆம் திகதி கல்கத்தாவை அடுத்த கொன்னகரில் பிறந்தார். தந்தை ஜெயகிருஷ்ண மித்ரா பள்ளி ஆசிரியர். அவர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக மிட்னாப்பூரைச் சேர்ந்த சரத்குமாரி என்ற பெண்ணை மணந்தார். வீட்டார் அவரை விலக்கி வைத்தனர். மனைவியின் ஊரில் போய்க் குடியிருந்து, பின்னர் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அங்கே சரத்குமாரி செய்த காரியத்தை நம் தாய்மார் கவனித்துப் படிக்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்ற தாயாக இருந்துகொண்டே கேம்பல் வைத்தியப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். சிசிர் குமார் பிறந்தபோது தாய் இன்னும் மாணவிதான். பெண் பிள்ளை எழுத்துக் கற்பதையே குறை சொன்ன காலம் அது.

1892ல் படிப்பை முடித்த சரத்குமாரிக்கு, பாகல்பூரில் இருந்த லேடி டஃபரின் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தாயின் வேலைக்காகக் குடும்பம் முழுவதும் ஊர் மாறியது. தந்தை அங்கே நகரசபையில் எழுத்தராகச் சேர்ந்தார். மனைவியின் உத்தியோகத்தைப் பின்தொடர்ந்து கணவன் ஊர் மாறுவது இன்றுகூட நம்மிடையே எத்தனை வீட்டில் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிறுவன் பாகல்பூர் மாவட்டப் பள்ளியில் படித்தான். ஜகதீஷ் சந்திர போசும் இன்னும் சிலரும் வங்க மொழியில் எழுதிய எளிய விஞ்ஞானக் கட்டுரைகள் அவன் கையில் கிடைத்தன. தாய்மொழியில் வாசித்ததால்தான் அவனுக்கு அந்த ஆசை பிடித்தது. பிறகு அதே ஊரில் கல்லூரி. அங்கேதான் வீட்டின் மீது இடி விழுந்தது. மூத்த அண்ணன்மார் சதீஷும் சந்தோஷும் நோயில் இறந்தனர். தந்தை பாரிசவாதத்தால் முழுவதுமாக முடங்கி, சில காலத்தில் அவரும் போய்விட்டார். எஞ்சியிருந்த மகனைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவதுதான் எந்தத் தாய்க்கும் முதலில் தோன்றும் வழி. தோட்டங்களில் இந்த நிலையை நாம் எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! தகப்பன் விழுந்த அடுத்த மாதமே மூத்த பிள்ளையின் பெயர் செக்றோலில் ஏறிவிடும். சரத்குமாரி அப்படிச் செய்யவில்லை. தன் மருத்துவமனைச் சம்பளத்தில் குடும்பத்தையும் தாங்கி, மகனைக் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரிக்கும் அனுப்பினார்.

அங்கே கட்டுரைகளில் மட்டும் அறிந்திருந்த ஜகதீஷ் சந்திர போசை மித்ரா நேரில் கண்டார். மார்க்கோனியின் பெயர் உலகில் பரவுமுன்பே, மிகக் குறுகிய மின்காந்த அலைகளைத் தம் கையால் செய்த கருவிகளால் உண்டாக்கிக் காட்டியவர் போஸ். 1912ல் மித்ரா எம்.எஸ்.சி. பரீட்சையில் முதலிடம் பெற்றார். சிறிது காலம் போசிடம் ஆய்வு மாணவராக இருந்தார்.

ஆனால் வீட்டில் பணமுடை தீரவில்லை. ஆய்வை விட்டுவிட்டு விரிவுரையாளர் வேலைக்குப் போனார். முதலில் பாகல்பூரில் தாம் படித்த கல்லூரியில், பின்பு மிஷனரிமார் நடத்திய பாங்குரா கல்லூரியில். ஏறக்குறைய நான்கு வருடங்கள். இரண்டு இடத்திலும் ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க வசதி எதுவும் கிடையாது. இடையில் 1914ல் திருமணமும் ஆயிற்று. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நான்கு வருடங்களை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலிடம் பெற்ற இளைஞன் ஒருவன், தனக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மாதச் சம்பளத்துக்காகத் தொலைவூரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். திரும்பவும் அந்த ஆசைக்கு வழி திறக்கும் என்று அப்போது அவனுக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. நம் பாடசாலைகளில் இப்படி எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

வழி 1916ல் திறந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் சேர் அசுதோஷ் முகர்ஜி, புதிய விஞ்ஞானக் கல்லூரிக்காக இளைஞர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சேர்த்த கூட்டத்தைப் பாருங்கள்: திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் இராமன், மேக்நாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ், மித்ரா. ஒரே கட்டிடத்தில் இத்தனை பேர்! இராமனுடைய வழிகாட்டலில் மித்ரா ஒளியின் இயல்பை ஆராய்ந்து 1919ல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பாரிசுக்குப் போய், சோர்போனில் சார்ல்ஸ் ஃபாப்ரியிடம் இன்னொரு டாக்டர் பட்டத்தை 1923ல் பெற்றார். சிறிது காலம் மேரி கியூரி அம்மையாரின் ரேடியம் நிலையத்திலும் இருந்தார்.

இவ்வளவும் ஒளி பற்றிய படிப்பு. வானொலி எங்கே வந்தது? பிரான்சில் நான்சி நகரத்தில் குத்தோன் என்ற பேராசிரியர் வானொலி வால்வுகளை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். மித்ரா அங்கே போனார். அந்தக் கண்ணாடிக் குமிழ்களைக் கண்டதும் மனம் மாறிவிட்டது. வயது முப்பத்திரண்டு. இரண்டு டாக்டர் பட்டங்கள் கையில் இருக்கும்போது, அந்தத் துறையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இந்தியாவில் யாரும் பாடமாகக்கூட நடத்தாத புதிய துறைக்குள் இறங்கத் தீர்மானித்தார். அசுதோஷ் அதை வரவேற்றார். 1923 முடிவில் கல்கத்தா திரும்பி, கைரா பேராசிரியராகப் பதவியேற்று, எம்.எஸ்.சி. வகுப்பில் வானொலியைப் பாடமாக்கினார். சீக்கிரமே தம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒலிபரப்பும் தொடங்கினார். அரசாங்கமோ வணிக நிறுவனமோ முறையான நிலையம் அமைக்குமுன்பே கல்கத்தாவில் கேட்ட குரல்களில் அதுவும் ஒன்று. நம் கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் ஆரம்பமானது என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரே காலம்.

ஒலிபரப்பினால் அலை போகிறது. போன அலை எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது? அப்பிள்ரன் கண்ட கூரை இங்கிலாந்தின் வானத்தில் இருந்தது. வெப்ப நாடுகளின் வானத்திலும் அது இருக்கிறதா, அதே உயரத்திலா, அதே குணத்தோடா என்பது யாருக்கும் தெரியாது. 1930ல் மித்ராவும் அவருடைய மாணவர்களும் கல்கத்தாவின் வானத்திலேயே அந்தக் கூரைக்கு, அதாவது ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் ஈ அடுக்குக்கு, பரிசோதனைச் சான்று கண்டார்கள். கீழே 60, 70 கிலோமீற்றர் அளவில் பகலில் மட்டும் இருந்து அலையை விழுங்கும் டி அடுக்கும் அவர்கள் ஆய்வுக்குள் வந்தது. மேலே 200 முதல் 400 கிலோமீற்றர் வரையில் எஃப் அடுக்கு. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் அயன்மண்டலம் என்கிறோம்.

அதன் இயல்பு இதுதான். சூரியனின் புறஊதாக் கதிர் உயர வானத்தில் இருக்கும் வாயு அணுக்களில் பட்டு, அவற்றிலிருந்து இலத்திரன்களைத் தட்டிக் கழற்றிவிடுகிறது. கழன்ற இலத்திரன்கள் கூட்டமாக நின்று அலையை வளைத்துக் கீழே அனுப்புகின்றன. சூரியன் ஏற ஏறக் கூட்டம் பெருகும், இரவில் குறையும். ஆகவே இந்தக் கூரை தகரக் கூரைபோல் ஆணியடித்து நிற்பது அல்ல. நுவரெலியாவில் காலையில் வாவிக்கு மேல் நிற்கும் மூடுபனியை நினைத்துக்கொள்ளுங்கள். எழும்பும், இறங்கும், ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் கிழியும். ஒரே நிலையத்தின் அலை ஈ அடுக்கில் பட்டு ஒரு வழியாகவும் எஃப் அடுக்கில் பட்டு இன்னொரு வழியாகவும் உங்கள் கம்பிக்கு வந்து சேரும். இரண்டும் ஒத்து வந்தால் குரல் ஓங்கும். ஒன்றுக்கொன்று எதிராக வந்தால் அழியும். கூரை அசைந்துகொண்டே இருப்பதால் இந்தக் கணக்கு நொடிக்கு நொடி மாறும். உங்கள் தாத்தா பெட்டியைத் தட்டியதன் காரணம் இதுதான்.

மித்ராவின் பெரிய முயற்சிக்கு இப்போது வருவோம். அயன்மண்டலத்தைப் பற்றி உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த ஆய்வுகளை ஒரே நூலாகத் தொகுக்க அவர் முனைந்தார். உலக யுத்தக் காலம். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் கப்பலில் ஒழுங்காக வருவதில்லை. கல்கத்தாவில் யப்பானியக் குண்டு விழுந்தது. 1943ல் வங்காளப் பஞ்சம் தெருக்களைப் பிணங்களால் நிறைத்தது. அந்த நகரத்தில் இருந்துகொண்டு அவர் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை எழுதினார். பதிப்பகத்தார் தயங்கினார்கள். இத்தனை பெரிய நூலை யார் வாங்குவார் என்பது அவர்களுடைய கவலை. கடைசியில் கல்கத்தா ஆசியச் சங்கம் 1947ல் அதை வெளியிட்டது. 'மேல் வளிமண்டலம்' என்று பொருள்படும் பெயர். மூன்று வருடத்துக்குள் இரண்டாயிரம் பிரதிகள் விற்றுவிட்டன! 1952ல் இரண்டாம் பதிப்பு வந்தது. பின்னர் ரஷ்ய மொழியிலும் பெயர்த்தார்கள். உலகத்தில் எங்கே அயன்மண்டலம் படித்தாலும் அந்நாட்களில் கல்கத்தாவில் அச்சிட்ட அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் எடுக்கவேண்டியிருந்தது.

நூலை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் தீவைத் தொடும் ஒரு காரியத்தையும் செய்தார். சற்று நிதானமாகப் படியுங்கள்.

சூரியன் நேர் உச்சியில் காயும் இடம் பூமத்திய ரேகைப் பகுதி. ஆகவே அங்கேதான் இலத்திரன் கூட்டம் மிக அடர்த்தியாக இருக்கவேண்டும் என்று எல்லாரும் எண்ணினார்கள். அளந்து பார்த்தால் மாறாக இருந்தது. பூமியின் காந்தத்துக்கும் ஒரு மத்திய ரேகை உண்டு. அது தென்னிந்தியாவின் தெற்கு முனையையும் நம் இலங்கையின் வானத்தையும் ஒட்டிச் செல்கிறது. அந்த ரேகைக்கு நேர் மேலே பகலில் எஃப் அடுக்கு மெலிந்து இருந்தது. வடக்கிலும் தெற்கிலும் சற்றுத் தள்ளி, இரண்டு வரப்புக்கள்போல் இலத்திரன்கள் குவிந்து கிடந்தன. வடக்கு வரப்பு கல்கத்தா இருக்கும் பக்கம். 1946ல் அப்பிள்ரன் இந்த முரண்பாட்டை வெளியிட்டார். அதே ஆண்டு மித்ரா நேச்சர் சஞ்சிகையில் அதற்கு ஒரு காரணம் சொன்னார். காந்த மத்திய ரேகையில் பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குச் சமாந்தரமாகக் கிடந்து, இருபுறமும் வளைந்து கீழிறங்குகின்றன. இலத்திரன்கள் நூலில் கோர்த்த மணிகள்போல் அந்தக் கோடுகளின் வழியேதான் எளிதாக நகரமுடியும். ஆகவே ரேகைக்கு மேலே உயரத்தில் உண்டாகும் இலத்திரன்கள் அப்படியே இருபக்கமும் சறுக்கி இறங்கி வடக்கிலும் தெற்கிலும் குவிகின்றன என்றார். அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் கல்கத்தா வீதிகளில் மதக் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் வெட்டுண்டு மாண்டார்கள். நவம்பரில் இந்தக் கட்டுரை அச்சில் வந்தது.

அவர் சொன்னது பாதி சரி. அத்தனை உயரத்தில் சூரியன் உண்டாக்கும் இலத்திரன்கள் வரப்புக்களை நிரப்பப் போதா என்பது பின்னால் தெரிந்தது. அடுத்த ஆண்டு மார்ட்டின் என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானி மீதிப் பாதியைக் கொடுத்தார்: மின்புலம் ஒன்று கீழே உள்ள இலத்திரன்களை மேலே தூக்கிவிடுகிறது. தூக்குவது மின்புலம், சறுக்கி இறங்குவது மித்ரா சொன்ன வழி. இரண்டையும் சேர்த்து இன்று நீரூற்று என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆம், ஒவ்வொரு நாளும் நம் தேயிலை மலைகளுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு நீரூற்று எழும்பி இருபக்கமும் கொட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த நீரூற்று மாலையில் செய்யும் சேட்டையும் உண்டு. சூரியன் மறைந்த சற்று நேரத்தில் எஃப் அடுக்கு திடீரென்று உயர எழும்பும். அதன் அடிப்பக்கத்திலிருந்து, கொதிக்கும் பாலில் வருவதுபோல், வெறுமையான குமிழ்கள் மேலே கிளம்பும். அந்த நேரத்தில் அதில் படும் அலை ஒரே எதிரொலியாகத் திரும்பாது. நூறு துண்டாக உடைந்து பரவித் திரும்பும். 1938லேயே தென் அமெரிக்காவில் பேரு நாட்டின் ஹுவாங்காயோ நிலையத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். இன்று உங்கள் மகன் கைத்தொலைபேசியில் பார்க்கும் வழிகாட்டி, செயற்கைக்கோள் சைகை அந்தக் குமிழ்களைக் கடக்கும்போது சில இரவுகளில் தடுமாறுவதும் இதனால்தான்.

அலையைக் கேட்பவருக்கு இது தொல்லை. அலையால் பார்க்க முயல்பவருக்கு இது பெரும் தலையிடி. சாதாரண ராடர் தொடுவானம்வரைதான் பார்க்கும். அயன்மண்டலத்தில் அலையை எறிந்து, ஆயிரம் முதல் மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் விழச்செய்து, அங்கே பறக்கும் விமானத்தில் பட்டு வரும் மெல்லிய எதிரொலியை அதே வழியாகத் திரும்பப் பெறும் ராடர்கள் உண்டு. சோவியத் நாடு செர்னோபில் அருகே நிறுத்திய ஒன்று, 1976 முதல் 1989 வரை நொடிக்குப் பத்துத் தட்டாக உலகத்துச் சிற்றலை முழுவதிலும் தட்டிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் அதற்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். அந்நாட்களில் சிற்றலை கேட்ட பெரியவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கலாம். அவுஸ்திரேலியா தன் பாலைவனத்தில் அலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே ஜிண்டலி என்ற ராடரை வளர்த்து, இன்றும் வடக்கே கடலைக் காவல் செய்கிறது.

இவற்றுக்கு ஒரு சங்கடம்: கூரை அசைந்தால் விமானம் அசைந்ததாகத் தோன்றும். கூரை இருபது கிலோமீற்றர் எழும்பினால், கப்பல் இருக்கும் இடமே தப்பாகக் கணக்காகும். ஆகவே ராடரோடு கூடவே வானத்தை ஓயாமல் அளக்கும் கருவிகளையும் வைக்கிறார்கள். பல மீடிறன்களில் சைகையை மேலே அனுப்பி, எது எந்த உயரத்திலிருந்து திரும்புகிறது என்று பார்த்து, அந்த நிமிடத்துக்கு ஏற்ற மீடிறனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று கிலோமீற்றர் நீளத்துக்கு வரிசையாக நிறுத்திய கம்பிகளால் எதிரொலியைப் பிடித்து, ஒரு வழியாக வந்ததையும் இன்னொரு வழியாக வந்ததையும் பிரிக்கிறார்கள். இடம் மாறாத தீவு, கரை ஆகியவற்றின் எதிரொலி எவ்வளவு பிசகி வந்ததென்று பார்த்து, அதே பிசகை மற்றவற்றிலிருந்து கழிக்கிறார்கள். அலை வழியில் எவ்வளவு முறுக்கப்பட்டதென்று கணினி கணக்கிட்டு, அந்த முறுக்கை அவிழ்க்கிறது. இத்தனையும் செய்தும், காந்த மத்திய ரேகைப் பக்கத்தில் சூரியன் மறைந்தபின் எழும் அந்தக் குமிழ்கள் இன்னும் அவர்களுக்கு அடங்கவில்லை. நம் தலைக்கு மேல் இருக்கும் வானம் அத்தனை முரட்டு வானம்! கல்கத்தாப் பேராசிரியர் போர்க்கருவி செய்தவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் வானத்தை அறியாமல் பிசகைக் கழிக்க முடியாது. அறியும் வேலையை நம் பகுதியில் தொடங்கி வைத்தவர் அவர்.

மித்ராவின் எல்லா முயற்சியும் வெற்றியானதாக நினைத்துவிடாதீர்கள். மின்சாரம் பாய்ச்சியபின் நைதரசன் வாயு நெடுநேரம் ஒளிர்வதற்கும், இரவு வானத்தின் மங்கிய ஒளிக்கும் காரணம் கூறிப் புதிய கொள்கை ஒன்றை 1945ல் தனி நூலாகவே வெளியிட்டார். பல வருட உழைப்பு. பின்னர் வந்த பரிசோதனைகள் அதற்கு எதிராக நின்றன. கொள்கை விழுந்தது, அவர் அதை ஒப்புக்கொண்டார். பெரிய பெயர் எடுத்த பின்னர் மாணவர்கள் முன் இதைச் செய்வது எளிதல்ல.

அரசாங்கத்தை வற்புறுத்தி 1942ல் வானொலி ஆய்வுக் குழுவை அமைக்கச்செய்து, அதன் தலைவராகவும் இருந்தார். 1949ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வானொலிப் பௌதிகத்துக்கும் இலத்திரனியலுக்கும் தனித் துறை அமைந்தது. அதன் பின்னால் இருந்தவர் அவரே. நகரத்தின் மின்சார இரைச்சலுக்கு அப்பால் ஹரின்கட்டாக் கிராமத்தில் அயன்மண்டலம் அளக்கும் நிலையம் ஒன்றையும் ஏற்படுத்தினார். 1955ல் ஓய்வு. ஆனால் ஓய்வு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே மேற்கு வங்கத்தின் இடைநிலைக் கல்விச் சபையை நிர்வகிக்க அழைத்தார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகளின் பரீட்சைக் காரியங்களை ஆறு வருடம் பார்த்தார். ஆய்வுக்குப் போகவேண்டிய நேரத்தைப் பரீட்சைத் தாள் விழுங்கியது என்று அவரை நேசித்த விஞ்ஞானிகள் வருந்தியிருக்கலாம். பாங்குராவில் பாடம் நடத்திய நாட்களை நினைக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1958ல் லண்டன் றோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியது. 1962ல் பத்ம பூஷண் விருதும் தேசியப் பேராசிரியர் பட்டமும் வந்தன. 1963 ஓகஸ்ட் 13ஆம் திகதி காலமானார். சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்குப் பிற்பாடு அவர் பெயரை இட்டார்கள். அது பூமியைப் பாராத மறுபக்கத்தில் இருக்கிறது. எந்த வானொலி அலையும் இங்கிருந்து நேராகப் போய்ச்சேராத இடம்.

இன்னொரு செய்தியோடு நிறுத்துகிறேன். காந்த மத்திய ரேகை ஓடும் வானத்தை அலைகளால் தட்டிப் பார்த்தது போதாது, நேரில் ஏறிப் பார்க்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் விரும்பினார்கள். விக்ரம் சாராபாய் தேடிக் கண்டுபிடித்த இடம், திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவக் கிராமம். அங்கே புனித மகதலா மரியாள் தேவாலயமும் ஆயர் இல்லமும் கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகளும் இருந்தன. ஆயர் பீற்றர் பெர்னார்ட் பெரெய்ராவும் பங்கு மக்களும் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். தேவாலயத்துக்குள் றொக்கெட்டின் பாகங்களைப் பொருத்தினார்கள். நம் மீனவச் சகோதரர்கள் காலி செய்த கரையிலிருந்து முதல் றொக்கெட் 1963 நவம்பர் 21ஆம் திகதி மாலை மேலே சென்றது. மித்ரா இறந்து அன்றோடு நூறு நாள்.